இம்பல்ஸிலிருந்து பழைய எக்ஸ்பல்ஸுக்கு: மண் பாதை வண்டி மாற்றுபவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஹீரோவின் மண் பாதை பைக் இம்பல்ஸ் 2011-ல் வந்தது. அடுத்த வருடமே ஒன்றை வாங்கி, பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்பு வரப்பிலும் செம்மண் தடத்திலும் ஒன்பது வருடம் ஓட்டினேன். 2021-ல் அதை விற்றுவிட்டு, அதே கம்பெனியின், ஒருவர் ஓட்டிய 2019 எக்ஸ்பல்ஸ் 200-ஐ எடுத்தேன். அதிலிருந்து பழைய வண்டி பார்க்கப் போகிற நண்பர்கள் என்னையும் கூட்டிப்போகிறார்கள். இந்த மாதம் வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுகிறவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தேனி வாசகர்: அண்ணா, என் இம்பல்ஸ் 2012 மாடல். இன்ஜினில் சத்தம் வருகிறது, லேசாகப் புகையும் தள்ளுகிறது. வேலை பார்த்து வைத்துக்கொள்ளவா, மாற்றிவிடவா?

இன்ஜின் மட்டும்தான் பிரச்சினை என்றால் அவசரப்பட்டு விற்காதீர்கள் தம்பி. அந்த 149 சிசி இன்ஜின் ஹங்க், சிபிஸி எக்ஸ்ட்ரீம் வண்டிகளில் வந்த அதே குடும்பம். பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட் எல்லாம் கிடைக்கும். சிலிண்டருக்குப் போர் போடத் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஒருவர் இருப்பார். கஷ்டம் மற்ற பாகங்களில்தான். முன் ஃபோர்க், பின் மோனோஷாக், டேங்க் ஓர பிளாஸ்டிக் எல்லாம் அந்த வண்டிக்கு மட்டுமே உரியவை. உற்பத்தி நின்றுபோனதால் தேடி அலைய வேண்டும். ஷாக் போய்விட்டது என்றால் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். இரு சக்கர வண்டியின் பதிவு 15 வருடத்துக்குத்தான். உங்களுடையது 2027-ல் முடிகிறது. எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கலாம், ஆனால் தேதி நெருங்க நெருங்க வாங்குகிறவர் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார். விற்பதாக இருந்தால் முன்கூட்டியே விற்றுவிடுங்கள்.

திருநெல்வேலி வாசகி: நான் 5 அடி 3 அங்குலம். இம்பல்ஸில் ஒரு காலை மட்டும்தான் ஊன்ற முடிகிறது. எக்ஸ்பல்ஸ் இன்னும் உயரமா? ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் தாழ்வு என்கிறார்களே?

சீட் உயரம் எக்ஸ்பல்ஸில் 823 மி.மீ. இம்பல்ஸைவிடக் கொஞ்சம் தாழ்வுதான். ஹிமாலயன் 411-ல் 800 மி.மீ. எண்ணை மட்டும் பார்த்தால் ஹிமாலயன்தான் உங்களுக்கு என்று தோன்றும். ஆனால் எடையைப் பாருங்கள். இம்பல்ஸ் 134 கிலோ, எக்ஸ்பல்ஸ் 150-க்குக் கொஞ்சம் மேலே, ஹிமாலயன் 190-ஐத் தாண்டும். இம்பல்ஸிலிருந்து எக்ஸ்பல்ஸுக்குப் போனால் கூடுவது ஒரு சிப்பம் அரிசிக்கும் குறைவு. ஹிமாலயனில் கூடுவது இரண்டு சிப்பத்துக்கும் மேல்.

மண் பாதையில் வண்டி விழத்தான் செய்யும். ஆளில்லாத தோட்டத்தில் விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்க முடிகிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் சொல்லிவிட்டு, புல் தரையில் வண்டியைப் படுக்க வைத்துத் தூக்கிப் பாருங்கள். கியரில் போட்டுவிடுங்கள். வலப்பக்கம் சாய்ந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை வெளியே விரித்து வையுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் சீட்டுக்கு அடியில் உள்ள கம்பியையும் பிடித்து, காலை உந்திப் பின்பக்கமாக நடங்கள். இடுப்பால் தூக்காதீர்கள்.

வாங்கப் போகிற எக்ஸ்பல்ஸில் ராலி கிட் மாட்டியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அதில் நீளமான சஸ்பென்ஷன் வரும். வண்டி நிறையவே உயர்ந்துவிடும். கம்பெனியே விற்ற புரோ மாடலின் சீட் 891 மி.மீ. உங்கள் உயரத்துக்கு அது வேண்டாம்.

கொடைக்கானல் வாசகர்: கார்புரேட்டர் மாடலா, எஃப்.ஐ. (பெட்ரோலை மின்னணு முறையில் தெளிக்கும்) மாடலா? 4வி-க்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

2019-ல் இரண்டு விதமும் வந்தன, 2020-ல் பி.எஸ்.6 புகை விதி வந்ததும் எஃப்.ஐ. மட்டும்தான். நீங்கள் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறீர்கள். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்காது. பிளக் கறுக்கும், இழுவை குறையும். எஃப்.ஐ. தானாகச் சரிசெய்துகொள்ளும். உங்களுக்கு எஃப்.ஐ. எடுங்கள். சமவெளியில், சர்வீஸ் சென்டர் தூரமாக உள்ள கிராமத்தில் இருப்பவருக்கு நான் கார்புரேட்டர்தான் சொல்வேன்.

நான்கு வால்வு இன்ஜின் கொண்ட 4வி 2021-ல் வந்தது. 2019 மாடலின் 18.4 குதிரைத்திறன் இதில் 19.1 ஆனது. அந்த வித்தியாசம் நெடுஞ்சாலையில் தெரியும். சேற்றில் முதல் கியரில் ஏறும்போது பெரிதாகத் தெரியாது. வேலை எங்கே அதிகமோ அதைப் பார்த்துப் பணம் போடுங்கள்.

200டி என்ற மாடலைச் சிலர் வெறும் 'எக்ஸ்பல்ஸ்' என்று விளம்பரம் செய்கிறார்கள். அது ரோட்டு வண்டி. 17 அங்குல அலாய் சக்கரம். உங்களுக்கு வேண்டியதில் முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம், இரண்டும் ஸ்போக் கம்பி போட்டது. படத்தில் சக்கரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஈரோடு வாசகர்: பழைய வண்டியில் முதலில் எதைப் பார்ப்பீர்கள் சார்?

ஏர் ஃபில்டரை. கீறல், வளைந்த லீவர், உடைந்த ஹேண்ட் கார்டு எதுவும் என்னைப் பயமுறுத்தாது; மண்ணில் ஓடினால் அதெல்லாம் வரும். தூசி குடித்த இன்ஜின்தான் பணத்தை விழுங்கும். ஃபில்டர் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். ஃபில்டரின் வெளிப்பக்கம் அழுக்காக இருப்பது இயல்பு. அதை எடுத்துவிட்டு, இன்ஜினுக்குப் போகிற குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி சுத்தமாக வந்தால் நல்லது. செம்மண் நிறம் ஒட்டினால் அந்த மண் பல நாளாகப் பிஸ்டனுக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். போன வருடம் உடுமலையில் ஒரு வண்டி பார்த்தோம். பெயின்ட் மின்னியது, புது டயர், 9,000 கி.மீ. கூட ஓடவில்லை. துணியை எடுத்தபோது நுனி விரல் அளவுக்குக் காவி அப்பியிருந்தது. திரும்பி வந்துவிட்டோம்.

அடுத்து ஸ்போக். சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுக்கமான கம்பி 'டிங்' என்று கணீரென ஒலிக்கும். தளர்ந்தது 'டொக்' என்று செத்த சத்தம் தரும். இரண்டு மூன்று என்றால் இறுக்கிக்கொள்ளலாம். வரிசையாக அப்படி வந்தால் ரிம் பெண்டாகியிருக்கும்.

பிறகு தரையில் படுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். இன்ஜினுக்குக் காவலாக உள்ள அடித்தகட்டில் நசுங்கல் இருக்கலாம். அதன் வேலையே அடி வாங்குவதுதான். இன்ஜின் கேஸிலோ ஃப்ரேம் குழாயிலோ வெல்டிங் தடம் இருந்தால் வேண்டாம். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போச்சு. பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டி ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ்ஷைப் பாருங்கள். ஃபோர்க்கைப் பத்து முறை அமுக்கி, கம்பியில் ஆயில் வளையம் விழுகிறதா என்று கவனியுங்கள். சீல் மாற்றுவது சின்னச் செலவு. விலை பேச உதவும்.

நீங்கள் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கோவை வாசகர்: பாலக்காட்டில் கேரளப் பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்க வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும், புது எண் வாங்க வேண்டும். இதற்குப் பிறகும் மிச்சம் நிற்கிறதா என்று பாருங்கள். எந்த ஊர் வண்டியானாலும் ஆர்.சி.யில் ஹைபோதெகேஷன் (வண்டிக் கடன் பதிவு) இருக்கிறதா, இ-செலான் பாக்கி இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். சேஸி எண்ணை நேரில் ஒப்பிடுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

பழைய வண்டியை விற்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். பெயர் மாறும்வரை விபத்து நடந்தால் பதிவில் உள்ளவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றமே 2018-ல் சொல்லியிருக்கிறது. என் இம்பல்ஸை வாங்கிய தம்பியோடு நானே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் வேலையை முடித்தேன்.

சத்தியமங்கலம் வாசகர்: வாங்கியதும் காட்டுக்குள் ஒரு சுற்றுப் போகலாம் என்று ஆசை.

வேண்டாம் தம்பி. ரிசர்வ் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். உங்கள் ஊரைச் சுற்றி இருப்பது புலிகள் காப்பகம். யானைத் தடத்தில் வண்டிச் சத்தம் கேட்கக் கூடாது. சொந்தக்காரர் தோட்டம், கேட்டு வாங்கிய பட்டா நிலம், ஊராட்சி மண் ரோடு போதும்.

நாமக்கல் வாசகர்: வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு முதல் வாரம் என்ன செய்யணும்?

விற்றவர் 'போன வாரம்தான் மாத்தினேன்' என்று சொன்னாலும் இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றிவிடுங்கள். அன்றைய கிலோமீட்டரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செயினைக் கழுவி, ஆயில் விட்டு, தளர்ச்சியைச் சரி செய்யுங்கள். இம்பல்ஸின் 19 அங்குலச் சக்கரத்துக்குப் பழகிய கைக்கு 21 மெதுவாகத் திரும்புவதுபோல் இருக்கும். ஒரு வாரம் காலி மைதானத்தில் நின்றுகொண்டே ஓட்டிப் பழகுங்கள். ஸ்போக் இறுக்கியிருந்தால் 200 கி.மீ. ஓடியதும் மறுபடியும் ஸ்பேனரால் ஒரு சுற்றுத் தட்டிப் பாருங்கள். இறுக்கிய கம்பி உட்கார்ந்து தளர்வது அந்தத் தூரத்துக்குள்தான்.