டிஸ்க்கை அழித்தாலும் போகாத ரெய்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். கல்லூரி லேப் சர்வர்களில் டெபியன் 12 லினக்ஸை ப்ரீசீட் கோப்பு (இன்ஸ்டாலரின் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிய கோப்பு) வைத்து ஆளில்லாமல் இன்ஸ்டால் செய்கிறோம். எல்லாவற்றிலும் இரண்டு டிஸ்க், ரெய்டு 1 (ஒரே தரவை இரண்டிலும் எழுதும் முறை). புது டிஸ்க் போட்ட மெஷின்களில் பிரச்சினையே இல்லை. ஏற்கெனவே லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் மட்டும் பார்ட்டிஷன் பிரிக்கும் இடத்தில் சிவப்புத் திரை காட்டி நின்றுவிடுகின்றன. எஃப்டிஸ்க் என்ற டிஸ்க் பிரிக்கும் கருவியில் போய் எல்லா பார்ட்டிஷனையும் அழித்துப் பார்த்தாகிவிட்டது, பலன் இல்லை. ப்ரீசீட் கோப்பில்தான் தப்பா?
– லேப் பொறுப்பாளர், சேலம்

பதில்: கோப்பு சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதே கோப்பில் புது டிஸ்க் ஏறிவிட்டது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வில்லங்கம் பழைய டிஸ்க்கில்.

எஃப்டிஸ்க் அழிப்பது பார்ட்டிஷன் அட்டவணையை மட்டும்தான். மென்பொருள் ரெய்டு தன் அடையாளத்தை, அதாவது சூப்பர்பிளாக்கை, பார்ட்டிஷனுக்கு உள்ளே எழுதி வைத்திருக்கிறது, எஃப்டிஸ்க் அதைத் தொடுவதே இல்லை. இன்று வழக்கத்தில் இருக்கும் 1.2 வடிவத்தில் அது தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி உட்கார்ந்திருக்கும். இன்ஸ்டாலர் புதிதாகப் பிரிக்கும்போதும் முதல் பார்ட்டிஷன் பெரும்பாலும் பழையபடியே 1 மெகாபைட்டில் தொடங்கும், ஆக பழைய சூப்பர்பிளாக் அச்சு அசலாக அதே இடத்தில் மாட்டும், ரெய்டைக் கையாளும் எம்டிஆட்மின் கருவி அதைப் பார்த்து "ஓ, இது ரெய்டு" என்று பழைய அரேயை (சேர்ந்து இயங்கும் டிஸ்க் தொகுப்பை) எழுப்பிவிடும், அந்தப் பார்ட்டிஷன் உபயோகத்தில் இருக்கிறது என்று ஆகிவிடும், அப்புறம் இன்ஸ்டாலர் அதில் எதையும் எழுத முடியாது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நேரிலேயே பாருங்கள். சிவப்புத் திரை வந்ததும் ஆல்ட்டும் எஃப்2-வும் அழுத்தினால் கட்டளைகள் தட்டும் ஒரு ஷெல் கிடைக்கும். அதில் ப்ராக் அடைவில் இருக்கும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து பாருங்கள். நீங்கள் இன்னும் ஒரு அரேயும் உருவாக்காத நிலையில் அங்கே எம்டி127 என்று ஒன்று உயிரோடு இருந்தால், ஆள் அகப்பட்டுவிட்டார்.

தீர்வை ப்ரீசீட்டிலேயே வைக்கலாம். இன்ஸ்டாலரில் பார்ட்டிஷன் பிரிக்கும் பகுதியான பார்ட்மேனுக்கென்று ஒரு எர்லி கமாண்ட் உண்டு, பார்ட்டிஷன் வேலை தொடங்குவதற்குச் சற்று முன்பு ஓடும். அதில் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது: ரெய்டுக்கு மேலே எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பங்கிடும் அடுக்கு) இருந்தால் முதலில் அதைச் செயலிழக்கச் செய்யுங்கள், பிறகு அரேயை நிறுத்துங்கள், அதன் பிறகுதான் ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் எம்டிஆட்மின் ஜீரோ-சூப்பர்பிளாக் கட்டளையை ஓட்டி அந்த அடையாளத்தை அழியுங்கள். வரிசை மாறினால் டிவைஸ் பிஸி என்று சொல்லிவிட்டுப் போய்விடும். பழைய எம்டியையும் (அதாவது ரெய்டையும்) எல்விஎம்மையும் நீக்க அனுமதி தரும் இரண்டு ப்ரீசீட் வரிகளுக்கும் ட்ரூ கொடுத்துவிடுங்கள்.

டிஸ்க்கின் முதல் சில மெகாபைட்டை டிடி கட்டளையால் பூஜ்ஜியமாக்கினால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. 0.90, 1.0 வடிவங்களில் சூப்பர்பிளாக் கடைசியில் இருக்கும், நீங்கள் தலையைத் துடைத்துக்கொண்டிருக்க அது வாலில் பத்திரமாக இருக்கும்.

இன்னொன்று. இதையெல்லாம் கேள்வி கேட்காமல் செய்யும் கோப்பை பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழி பூட்) மெனுவில் முதல் தேர்வாக வைக்காதீர்கள். நெட்வொர்க் பூட் இயக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு நல்ல சர்வர் ராத்திரி ரீபூட் ஆகி அந்த மெனுவில் போய் விழுந்தால் விடியும்போது அதில் எதுவும் மிச்சம் இருக்காது. யுஎஸ்பியில் பூட் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சில மெஷின்களில் அந்த பென் டிரைவே எஸ்டிஏ (முதல் டிஸ்க்கின் பெயர்) ஆகிவிடும், உங்கள் கோப்பு நம்பியிருக்கும் டிஸ்க் பெயர்கள் ஒன்று தள்ளிப்போகும்.

கேள்வி: பார்ட்டிஷன் எல்லாம் முடிந்து, மென்பொருளைத் தேர்ந்தெடுத்து நிறுவும் கட்டத்தில் "தோல்வி" என்று நிற்கிறது. டெபியன் 11-இல் பல மாதம் ஓடிய அதே பேக்கேஜ் பட்டியல்தான் சார், 12-க்கு மாறியதும் இப்படி.
– சிறு நிறுவன ஊழியர், மதுரை

பதில்: அதே பட்டியல் என்பதுதான் காரணம். அந்தப் பட்டியல் முழுவதும் ஒரே மூச்சில், பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட்டிடம் போகிறது, அதில் ஒரே ஒரு பெயர் கிடைக்காவிட்டாலும் மொத்தமும் ரத்து. திரையில் தெரிவது வெறும் "தோல்வி"தான், உண்மையான காரணம் ஆல்ட், எஃப்4 அழுத்தினால் வரும் லாக்கில் இன்-டார்கெட் என்று தொடங்கும் வரிகளில் இருக்கிறது.

அங்கே பேக்கேஜைக் காணோம் என்று இருக்கிறதா, டிபெண்டென்சி (ஒரு பேக்கேஜுக்குத் தேவையான வேறு பேக்கேஜ்) பொருந்தவில்லை என்று இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் வேறு வேறு நோய். காணோம் என்றால் என் முதல் சந்தேகம் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருள்) மீதும் இன்டெல் மைக்ரோகோட் (ப்ராசஸருக்கான திருத்தம்) மீதும். டெபியன் 12-இல் இவற்றை நான்-ஃப்ரீ (கட்டற்ற உரிமம் இல்லாதவை) பகுதியிலிருந்து பிரித்து நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள், பழைய ப்ரீசீட்டில் அந்தப் பகுதியைத் திறந்துவிடும் வரி இருக்காது.

டிபெண்டென்சி என்றால் பெரும்பாலும் வெளியாரின் ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு). டெபியன் 11-க்குக் கட்டிய பேக்கேஜ் லிப்எஸ்எஸ்எல் 1.1 என்ற லைப்ரரி வேண்டும் என்று அடம்பிடிக்கும், 12-இல் இருப்பதோ லிப்எஸ்எஸ்எல் 3. இதற்காக 11-இன் ரெப்போவையும் சேர்த்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள், இன்றைக்கு ஏறிவிடும், ஆறு மாதம் கழித்து அப்டேட் செய்யும்போது வட்டியோடு திரும்பி வரும். 12-க்கென்று கட்டிய பதிப்பை வாங்கிப் போடுங்கள்.

நின்ற இடத்திலேயே சோதிக்க, ஷெல்லில் டார்கெட் அடைவுக்குள் சிஎச்ரூட் செய்து (புது சிஸ்டத்துக்குள் நுழைந்து) ஆப்ட்-கெட்டை சிமுலேட் ஆப்ஷனோடு ஓட்டுங்கள், பட்டியலைப் பாதி பாதியாக வெட்டிக் கொடுத்தால் எந்தப் பெயர் என்று சீக்கிரம் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் இன்ஸ்டாலரிடம் எஸ்எஸ்எச் சர்வரையும் பைத்தான் 3-ஐயும் மட்டும் கேளுங்கள். மற்றதெல்லாம் மெஷின் எழுந்த பிறகு ஆன்சிபிள் (சர்வர்களைத் தானாக அமைக்கும் கருவி) பார்த்துக்கொள்ளட்டும், அங்கே பிழை வந்தால் மறுபடி டிஸ்க் பிரிப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

கேள்வி: ராக்கி லினக்ஸின் கிக்ஸ்டார்ட் கோப்பில் (ப்ரீசீட் போன்றதுதான்), கிடைக்காத பேக்கேஜைத் தாண்டிப் போகச் சொல்லும் இக்னோர்மிஸ்ஸிங் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார் நண்பர். போடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: போடலாம், இன்ஸ்டால் நிற்காது. பேக்கேஜும் இருக்காது, அதை நீங்கள் பிறகு வேறு ஒரு அவசரத்தில் தெரிந்துகொள்வீர்கள். அதற்குப் பதில் கோப்பை கேஎஸ்வேலிடேட்டர் என்ற சோதனைக் கருவியில் ஒருமுறை ஓட்டுங்கள், எண்ட் வரி விடுபட்டது போன்ற தப்புகளை அது பிடித்துவிடும், பேக்கேஜ் பெயரைச் சரிபார்க்காது. சென்ட்ஓஎஸ் 7 காலத்துக் கோப்பைத் திருத்தி வைத்திருந்தால் ரெப்போ முகவரிகளையும் பாருங்கள், 2024 ஜூன் 30-உடன் அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

கேள்வி: ரெய்டு 1 போட்டு, சோதனைக்காக முதல் டிஸ்க்கை உருவினேன். மெஷின் பூட்டே ஆகவில்லை. பிறகு எதற்கு ரெய்டு?
– வாசகர், கோவை

பதில்: எப்போது உருவினீர்கள்? இன்ஸ்டால் முடிந்த பிறகும் இரண்டு டிஸ்க்கையும் ஒத்திசைக்கும் வேலை பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும், பெரிய டிஸ்க் என்றால் பல மணி நேரம். எம்டிஸ்டாட்டில் ஒவ்வொரு அரேக்கும் நேராக இரண்டு யூ இருந்து, ரீசிங்க் வரியும் மறைந்த பிறகே கை வைக்கலாம். ஒரு யூ இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோடு இருந்தால் அந்த அரே ஒரு டிஸ்க்கில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அது சரியாக இருந்தும் பூட் ஆகவில்லை என்றால் கிரப் (பூட் லோடர்) முதல் டிஸ்க்கில் மட்டும் ஏறியிருக்கும். பயாஸ் மெஷின் என்றால் ப்ரீசீட்டில் கிரப்புக்கான பூட்டெவ் வரியில் இரண்டு டிஸ்க்கின் பெயரையும் இடைவெளி விட்டுக் கொடுங்கள். யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த முறை) என்றால் இது போதாது. மதர்போர்டின் ஃபர்ம்வேருக்கு லினக்ஸ் ரெய்டு என்றால் என்னவென்றே தெரியாது, அதற்கு ஃபேட் வடிவ இஎஃப்ஐ பார்ட்டிஷன்தான் தெரியும். இரண்டாவது டிஸ்க்கிலும் அப்படி ஒன்றை வைத்து, கோப்புகளை நகலெடுத்து, இஎஃப்ஐ பூட்மேனேஜரில் அதற்கும் ஒரு பதிவு சேர்க்க வேண்டும். சிலர் 1.0 வடிவத்தில் அந்தப் பார்ட்டிஷனையே ரெய்டு ஆக்குவார்கள், ஓடும், ஆனால் ஃபர்ம்வேர் ஒரு பக்கத்தில் மட்டும் எதையாவது எழுதினால் இரண்டும் வேறுபட்டு நிற்கும், எனக்கு அதில் உடன்பாடில்லை. கிரப் அப்டேட் வரும்போதெல்லாம் இரண்டாவது டிஸ்க்குக்கும் நகலெடுக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.