தனுஷ்கோடியில் அக்டோபரில் பூநாரை ஏன் இல்லை?

அக்டோபரில் தனுஷ்கோடி போய், பூநாரையை (ஃபிளமிங்கோ) காணாமல் திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள். இடம் சரிதான், நீங்கள் போன அக்டோபர்தான் சீக்கிரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தேங்கிய நீர் ஆழம் குறையும்போதுதான் பூநாரைகள் கூட்டமாக நின்று இரை தேடும். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போய்ப் பாருங்கள்.

ஆனால் "எதுவுமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் வருத்தமாக இருக்கிறது. அக்டோபரில் உள்ளான், உப்புக்கொத்தி என்னும் சிறு கரைப்பறவைகள் வடக்கே வெகுதூரத்திலிருந்து அங்கே வந்திருக்கும். மணல் நிறத்திலேயே இருப்பதால் கண்ணில் படாது. கடல் வற்றும் நேரத்தை மீனவர்களிடம் கேட்டுக்கொண்டு, சாலையோரம் நின்றபடியே பைனாகுலரில் சேற்று விளிம்பை நிதானமாகப் பாருங்கள். ஓடும், நிற்கும், மறுபடி ஓடும்; அது உப்புக்கொத்தி.

மழை பொய்த்த ஆண்டில் பூநாரை குறையலாம். அப்புறம், படத்துக்காகச் சேற்றில் இறங்கிக் கூட்டத்தைக் கிளப்பிவிடாதீர்கள்.