கேள்வி – பதில்: 'எல்.ஏ. நோயர்' கேமில் பொய்யைப் பிடிப்பது எப்படி?

2011-ல் வந்த 'எல்.ஏ. நோயர்' பற்றி இன்னமும் பேசுகிறார்கள். இப்போது வாங்கி ஆடும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?
– திருச்சி வாசகர்

எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்து, சொல்வது மெய்யா பொய்யா என்று நீங்களே முடிவு கட்டும் விசாரணை. அதற்காகவே வாங்கலாம். களம் 1947-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ். போர்முனையிலிருந்து திரும்பிய கோல் ஃபெல்ப்ஸ் போலீஸில் ரோந்துக்காரராகச் சேர்ந்து, போக்குவரத்து, கொலை, வைஸ் (போதை, சூதாட்டம் போன்ற குற்றங்கள்), தீவைப்பு என்று பிரிவு பிரிவாக நகர்கிறார். மூலக் கதையில் 21 வழக்குகள். பின்னால் தனியாக விற்ற 5 வழக்குகளும் 2017-ல் வந்த மறுபதிப்பில் அந்தந்தப் பிரிவுக்குள்ளேயே சேர்ந்துவிட்டன.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இதில் நீங்கள் தடயம் தேடலாம், பொய்யைப் பிடிக்கலாம். துப்பறிந்து முடிச்சை அவிழ்க்கும் வேலையைப் பெரும்பாலும் கதையே செய்துவிடுகிறது. கீழே வரும் கேள்விகளில் பாதி இந்த இடைவெளியிலிருந்து பிறந்தவைதான்.

முகங்கள் அவ்வளவு உயிரோட்டமாக இருக்கின்றன. உடம்பு மட்டும் பொம்மை மாதிரி ஆடுகிறதே, ஏன்?
– கோவை வாசகர்

இரண்டும் தனித்தனியாகப் பதிவானவை. நடிகரை நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றிலும் 32 கேமராக்களால் தலையை மட்டும் படம் பிடித்தார்கள். 'மோஷன்ஸ்கேன்' என்பது அந்த முறையின் பெயர். கைகால் அசைவுகள் வேறொரு நாளில், வேறொரு முறையில் எடுக்கப்பட்டவை. கழுத்துக்கு மேலே ஒரு மனிதர், கீழே இன்னொருவர் என்று தோன்றுவது இதனால்தான்.

இந்த முறைக்கு வேறு செலவும் உண்டு. பதிவு முடிந்த முகத்தைப் பின்னால் திருத்துவது பெரும்பாடு. வசனம் மாறினால் நடிகரை மறுபடி கூப்பிட வேண்டும். தரவும் மலையாகக் குவியும். எக்ஸ்பாக்ஸ் 360-க்கு இந்த கேம் 3 டிஸ்க்குகளில் வந்தது. மற்ற நிறுவனங்கள் இந்த வழிக்கு வராததில் ஆச்சரியமில்லை.

இன்னொரு குறை நடிப்பிலேயே இருக்கிறது. ஆட்டக்காரர் தவறவிடக் கூடாதே என்று, பொய் சொல்பவர்கள் எச்சில் விழுங்குவதையும் பார்வையைத் திருப்புவதையும் கொஞ்சம் தூக்கலாகவே செய்கிறார்கள். நாலைந்து வழக்கு போனதும் கண் பழகிவிடும்.

'டவுட்' பட்டனை அழுத்தினால் ஃபெல்ப்ஸ் பாவப்பட்ட விதவையைப் பார்த்து உறுமுகிறார். நான் சந்தேகம் மட்டும்தானே பட்டேன்?
– சேலம் வாசகி

உங்கள் மேல் தப்பில்லை. எதிராளியின் பதிலைக் கேட்டதும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் மூன்று பட்டன்களுக்கும், வசனங்கள் எழுதிப் பதிவானபோது வேறு பெயர்கள் இருந்தன. 'டவுட்' இருக்கும் இடத்தில் அப்போது இருந்தது 'ஃபோர்ஸ்', அதாவது அதட்டிக் கேள். கேம் வெளிவந்தபோது பெயர் 'ட்ரூத், டவுட், லை' (உண்மை, சந்தேகம், பொய்) என்று மாறியது; நடிப்பு பழையபடியே தங்கிவிட்டது. 2017 பதிப்பில் 'குட் காப், பேட் காப், அக்யூஸ்' (நல்ல போலீஸ், கெட்ட போலீஸ், குற்றம் சாட்டு) என்று மாற்றினார்கள். நடப்பதற்கு இந்தப் பெயர்கள் எவ்வளவோ நெருக்கம். நீங்கள் ஆடுவது பழைய கணினிப் பதிப்பு என்றால் மனதுக்குள் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ட்ரூத் என்றால் தட்டிக்கொடுத்துப் பேச்சை வாங்குவது, டவுட் என்றால் மிரட்டிக் கறப்பது, லை என்றால் கையில் ஆதாரத்தோடு குற்றம் சாட்டுவது.

விசாரணையில் பாதிக் கேள்விகள் தப்பாகின்றன. முகத்தைக் கூர்ந்துதான் பார்க்கிறேன்.
– யாழ்ப்பாணம் வாசகர்

முகத்தை இரண்டாவதாகப் பாருங்கள். முதலில் தடயங்களும் கேள்விகளும் பதிவாகும் ஃபெல்ப்ஸின் நோட்புக்.

விசாரணைக்கு முன்னால் சம்பவ இடத்தை முழுசாக முடியுங்கள். தடயம் மிச்சமிருக்கும்வரை பின்னணி இசை ஓடும். எல்லாம் கிடைத்துவிட்டால் அடங்கிவிடும். தடயத்தை நெருங்கும்போது ஒரு சின்ன ஓசை கேட்கும், கன்ட்ரோலர் அதிரும். பொருளைக் கையில் எடுத்தால் மெதுவாகத் திருப்புங்கள். சரியான பக்கம் வந்ததும் கன்ட்ரோலர் மறுபடி அதிரும். பல பொருள்களில் உள்ளே இன்னொரு பொருள் இருக்கும், பர்ஸைத் திறக்காமலே வைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. ஒரு தடயம் தவறினால் அதைச் சார்ந்த கேள்வியே நோட்புக்கில் ஏறாது.

கேள்வி கேட்டதும் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும்வரை எதிராளி முகம் அசைந்துகொண்டே இருக்கும். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நேரடியாக மறுக்கும் ஆதாரம் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் லை. ஆதாரம் இல்லை, ஆனால் ஆள் நெளிகிறார் என்றால் டவுட். இரண்டும் இல்லையென்றால் ட்ரூத். பெரும்பாலோர் வழுக்குவது 'அந்த ஒரு வாக்கியம்' என்ற இடத்தில். ஆள் கொலைகாரர்தான் என்பதற்கு உங்களிடம் அருமையான ஆதாரம் இருக்கலாம். அவர் அப்போது சொன்னது 'செவ்வாய்க்கிழமை நான் வீட்டில் இருந்தேன்' என்றால், செவ்வாய்க்கிழமைக்கான ஆதாரம்தான் செல்லும்.

குழப்பமாக இருந்தால் ஒரு வழி உண்டு. லை அழுத்துங்கள். எதிராளி 'நிரூபி பார்க்கலாம்' என்கிற தோரணையில் பதில் சொல்வார். எந்த மாதிரி ஆதாரம் வேண்டும் என்பது அந்தப் பதிலிலேயே பல நேரம் இருக்கும். கையில் அது இல்லையென்றால் ஆதாரப் பட்டியலிலிருந்து பின்வாங்கி டவுட்டோ ட்ரூத்தோ தேர்ந்தெடுக்கலாம். பின்வாங்குவதால் எந்த நஷ்டமும் இல்லை.

இன்ட்யூஷன் (உள்ளுணர்வு) புள்ளிகளைக் கொடுத்து உதவி வாங்கலாமே, அவற்றை எங்கே செலவழிப்பது?
– மதுரை வாசகர்

விசாரணையில். கையில் அதிகபட்சம் 5 தான் நிற்கும், அதற்கு மேல் சேர்த்து வைக்க முடியாது. சம்பவ இடத்தில் செலவழித்தால் தடயங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும். அதை இசையே இலவசமாகச் செய்கிறதே. விசாரணையில் செலவழித்தால் மூன்றில் ஒரு தப்பான விடை விலகும். நீண்ட விசாரணைகளுக்குக் குறைந்தது இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டு போங்கள்.

சில வழக்குகளில் விடை எனக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஃபெல்ப்ஸுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது!
– சென்னை வாசகி

போக்குவரத்துப் பிரிவின் முதல் வழக்கே நல்ல உதாரணம். தொடக்க வழக்கு என்பதால் விடையைச் சொல்வதில் பாவமில்லை. ரத்தம் தோய்ந்த ஒரு கார் அநாதையாக நிற்கிறது, ஆளையும் காணோம் பிணத்தையும் காணோம். அங்கே ஒரு பர்ஸ், ஒரு மூக்குக்கண்ணாடி, ரத்தக்கறை படிந்த ஒரு குழாய், அதோடு உயிருள்ள பன்றி ஒன்றை வாங்கியதற்கான ரசீது. ரசீதைத் திருப்பிப் பார்த்த நொடியிலேயே 'இது பன்றி ரத்தம், ஆள் எங்கேயோ ஒளிந்திருக்கிறார்' என்று உங்களுக்குப் பட்டிருக்கும். அதை ஃபெல்ப்ஸிடம் சொல்ல வழியே கிடையாது. தடயங்களை ஒன்றோடொன்று கோத்து முடிவுக்கு வரும் வசதி இந்த கேமில் இல்லை. ஆகவே மனைவி வீடு, நண்பர் வீடு என்று வரிசைப்படி போய்த்தான் ஆக வேண்டும்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். அத்தனை கேள்வியையும் தப்பாகக் கேட்டாலும் வழக்கு எப்படியாவது நகர்ந்து முடிந்துவிடும். கடைசியில் வரும் நட்சத்திரங்கள் குறையும், அவ்வளவுதான்.

கொலைப் பிரிவில் யார்மேல் வழக்குப் போட்டாலும் மனசு ஒப்பவில்லை. நான் எங்கே தவறுகிறேன்?
– நாகர்கோவில் வாசகர்

(அந்தப் பிரிவை முடிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.)

நீங்கள் தவறவில்லை, கேம் உங்களுக்குச் சரியான விடையையே தரவில்லை. 1947 ஜனவரி 15-ல் லாஸ் ஏஞ்சலஸில் எலிசபெத் ஷார்ட் என்ற பெண்ணின் உடல் கிடைத்தது. 'பிளாக் டாலியா' என்று பேர்பெற்ற அந்தக் கொலை இன்றுவரை துலங்காதது. கொலைப் பிரிவின் வழக்குகள் எல்லாம் அந்த நிழலில் ஓடுகின்றன. நீங்கள் ஜெயிலுக்கு அனுப்பியவர்கள் நிரபராதிகள், கொலையாளி வேறொருவர் என்று இறுதி வழக்கில் தெரியவரும்.

கதையாக இது துணிச்சலானது. ஆட்டமாகப் பார்த்தால் ஏமாற்று. 'கோல்டன் பட்டர்ஃபிளை' வழக்கில் இரண்டு சந்தேக நபர்கள்: இறந்தவரின் கணவர் மோலர், குழந்தைகளிடம் அத்துமீறிய ரூனி. தடயங்கள் மோலர் பக்கம் கனமாக விழுகின்றன. ஆனால் ஃபெல்ப்ஸின் மேலதிகாரி கேப்டன் டானலிக்கு ரூனியை உள்ளே தள்ள வேண்டும். மோலர்மேல் வழக்குப் போட்டால் டானலியிடம் திட்டு வாங்குவீர்கள். ஊழல் படிந்த ஒரு காவல்துறையைக் காட்டுவது நோக்கம் என்றால் நன்றாகவே காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் முடிவில் உங்கள் திறமைக்கு நட்சத்திரம் போடும் சடங்கை விட்டிருக்கலாம்.

துப்பாக்கிச் சண்டை, துரத்தல் எல்லாம் எனக்கு வராது. ஆட முடியுமா?
– ஈரோடு வாசகி

தாராளமாக. ஒரு சண்டைக் காட்சியில் 3 முறை தோற்றால், அதைத் தாண்டிப் போகவா என்று கேமே கேட்கும். கார் ஓட்டப் பிடிக்காவிட்டால் காரில் ஏறும் பட்டனை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கூட்டாளி ஓட்டுவார், நேரே இடத்துக்குப் போய்விடலாம். நீங்களே ஓட்டினால் கம்பத்தையும் கடையையும் இடிக்காதீர்கள், சேதம் நட்சத்திரக் கணக்கில் கழியும். நகரம் பார்க்க அழகுதான், பழைய வான்வழிப் புகைப்படங்களை வைத்து உழைத்துக் கட்டியிருக்கிறார்கள். செய்வதற்கு மட்டும் அதிகமில்லை: 40 தெருக் குற்றங்கள், ஓட்டிப் பார்க்க 95 வகை வண்டிகள், இப்படிச் சில சேகரிப்புகள்.

13 வயது மகன் கேட்கிறான். வாங்கித் தரலாமா?
– தஞ்சாவூர் வாசகி

வேண்டாம். ஐரோப்பியத் தரச்சான்று 18 வயதுக்கு மேல் என்கிறது. கொலைப் பிரிவில் ஆடையின்றிக் கிடக்கும் பெண்களின் உடல்களை அருகில் குனிந்து சோதிக்க வேண்டும். வைஸ் பிரிவு முழுக்கப் போதைப்பொருள்.

உண்மையிலேயே மூளைக்கு வேலை தரும் துப்பறியும் கேம் எது?
– புதுச்சேரி வாசகர்

2018-ல் லூகஸ் போப் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. 1807-ல் ஆளில்லாமல் கரை சேரும் கப்பல். அதிலிருந்த 60 பேரும் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று நீங்களே கண்டுபிடித்து எழுத வேண்டும். மூன்று பேருடையது சரியானால்தான் 'சரி' என்றே சொல்லும், ஆகவே குருட்டாம்போக்கில் அடித்துவிட முடியாது. தடயங்களைக் கோத்து முடிவெடுக்கும் ருசி போதும் என்றால் 2014-ல் வந்த 'ஷெர்லாக் ஹோம்ஸ்: க்ரைம்ஸ் அண்ட் பனிஷ்மென்ட்ஸ்'. 6 வழக்குகள், தப்பான ஆளைக் குற்றவாளி என்று அறிவித்துவிட்டு நிம்மதியாக அடுத்த வழக்குக்குப் போகலாம், கேம் தடுக்காது.

நோயரைக் கறுப்பு-வெள்ளையில் ஆடலாமா?
– வேலூர் வாசகர்

ஆடலாம், செட்டிங்ஸில் அந்த வசதி இருக்கிறது. சம்பவ இடங்களில் மட்டும் வண்ணத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். கறுப்பு-வெள்ளையில் ரத்தக்கறையும் எண்ணெய்க்கறையும் ஒரே மாதிரி தெரியும்.