ஜிமிக்கி பளிச், கண் மங்கல்: கடற்கரையில் முகப் படம் எடுப்பவர்களுக்கு

கேள்வி: கீழக்கரையில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். 24 மெகாபிக்சல் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். போன ஆனி மாதம் தனுஷ்கோடியில் ஒரு கல்யாண ஜோடியை எடுத்தேன். கேமராவின் திரையில் எல்லாப் படமும் நன்றாகத்தான் தெரிந்தது. ஆல்பத்துக்காகக் கணினியில் பெரிதாக்கினால் பாதிப் படங்களில் கண் மங்கல். பெண்ணின் ஜிமிக்கி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. 85 மி.மீ. லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? இல்லை, கேமராவையே மாற்ற வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. லென்ஸ் மட்டமானது என்றால் ஜிமிக்கியும் சேர்ந்துதான் மங்கியிருக்கும். உங்கள் லென்ஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, கண்ணில் செய்யாமல் காதில் செய்திருக்கிறது. அதே இடத்தில் நின்று 85-ஐ மாட்டினால் ஃபோகஸ் ஆகும் ஆழம் இன்னும் மெலிந்துபோகும். இருக்கிற தலைவலியைப் பெரிதாக்கிக்கொள்ளப் பணம் கொடுப்பானேன்?

அந்த ஆழம் எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-க்குத் திறந்து (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம் பெரிதாகும், ஆழம் மெலியும்), ஒரு மீட்டர் தள்ளி நின்று முகத்தை எடுத்தால், கூர்மையாகத் தெரியும் பகுதி முன்னும் பின்னுமாகச் சேர்த்து 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. இரண்டு விரற்கடைகூட இல்லை. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு நுனி வெளியே, காது வெளியே. இந்த இடுக்குக்குள் கண்ணை நிறுத்தும் பொறுப்பைத்தான் நீங்கள் கேமராவிடம் விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எந்த ஃபோகஸ் புள்ளியில் பிடிப்பது என்பதைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்தால், வ்யூஃபைண்டர் (நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம்) வழியே பார்க்கும் அந்த ரகக் கேமராவுக்குக் கண் எது, கம்மல் எது என்று தெரியாது. அருகில் இருப்பதையும் மினுமினுப்பாக இருப்பதையும் பிடித்துக்கொள்ளும். முகம் நன்றாகப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்போது, நம் பக்கத்து ஜிமிக்கி கண்ணைவிடச் சற்று முன்னால் வந்துவிடும். வெயிலில் கல் மின்னும். கேமரா வேறு எதைப் பார்க்கும்?

இதை நான் பாம்பன் சின்னப்பாலத்தில் கற்றுக்கொண்டேன். கடற்பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய ஒரு அம்மா, நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பாறையில் கீறாமலிருக்க விரல்களில் சுற்றிய துணிப்பட்டைகள் அப்போதும் ஈரமாக இருந்தன. வாழ்நாள் படம் என்று நினைத்து ஆறேழு முறை அழுத்தினேன். வீட்டில் வந்து பெரிதாக்கினால், துணியில் நூல் பிரிந்திருப்பதுகூட எண்ணிவிடலாம் போல இருக்கிறது. கண்கள் இரண்டும் கரைந்துபோயிருந்தன. முன்னால் நீண்டது கை, கேமரா கையைப் பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்திருந்தால் நடந்திருக்காது. அந்த வெளிச்சமும் அந்தப் பார்வையும் திரும்பக் கிடைக்கவில்லை.

ஆகவே இன்றே ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள். உங்கள் ரகக் கேமராக்களில் பெரும்பாலும் நடுப்புள்ளிதான் நம்பகமானது. ஓரப் புள்ளிகள் மங்கிய வெளிச்சத்தில் தடுமாறும். ஆனால் நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்துப் பாதி அழுத்திப் பிடித்து, பிறகு கேமராவைச் சாய்த்து ஃப்ரேமைச் சரிசெய்யும் பழக்கம் எஃப் 1.8-இல் காலை வாரிவிடும். ஃபோகஸ் என்பது கேமராவுக்கு நேர் எதிரே நிற்கும் தட்டையான சுவர் மாதிரி. கேமராவைச் சாய்த்தால் சுவரும் சாயும். கண் சுவருக்கு முன்னால் தங்கிவிடும். ஒரு மீட்டர் தூரத்தில் ஒன்பது டிகிரி சாய்த்தாலே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிசகும். கண்ணுக்கு முன்னும் பின்னும் உங்களுக்கு இருந்ததே ஒன்றேகால் சென்டிமீட்டர்தான்.

இதற்கு மருந்து எளிது, ஆனால் செய்ய யாருக்கும் மனம் வருவதில்லை: இரண்டு எட்டு பின்னால் போங்கள், எஃப் 2.8-க்கு மூடுங்கள். இரண்டு மீட்டர், எஃப் 2.8 என்றால் அந்த மூன்று சென்டிமீட்டர் ஏறத்தாழ 17 சென்டிமீட்டராகிவிடும். மூக்கு நுனியிலிருந்து காது வரை அதற்குள் அடங்கும். மூக்கும் புடைத்துத் தெரியாது. பின்னணி மங்காதே என்று கவலைப்படாதீர்கள். தனுஷ்கோடியில் பின்னால் இருப்பது கடலும் வானமும். அதை எதற்கு அடித்து மங்கலாக்க வேண்டும்? இருவரையும் சேர்த்து எடுக்கும்போது எஃப் 4 வையுங்கள். இரண்டரை மீட்டரில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான ஆழம் கிடைக்கும், மாப்பிள்ளை பெண்ணின் தோளுக்குப் பின்னால் நின்றாலும் சமாளிக்கலாம். கேமராவைச் சாய்க்காமல், ஃப்ரேமைத் தாராளமாக வைத்து எடுத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். 6000-க்கு 4000 பிக்சல் இருக்கிறது. 12-க்கு 18 அங்குல ஆல்பப் பக்கத்துக்கு, அங்குலத்துக்கு 240 புள்ளி என்று அச்சடித்தால், 4320-க்கு 2880 போதும்.

அடுத்தது காற்று. நீங்கள் போனது ஆனியில். கச்சான் என்னும் மேல்காற்று, தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் ஆளையே தள்ளும் காலம். அம்மி பறப்பது ஆடியில்தான் என்றாலும் ஆனியே போதும், நம் கேமராவை ஆட்ட. ஃபோகஸ் பூட்டிக்கொண்ட பிறகு நீங்கள் மணலில் ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்தாலும் போச்சு. பெண் முந்தானையைப் பிடிக்கத் தலையைத் திருப்பினாலும் போச்சு. ஆகவே, பாதி அழுத்தியிருக்கும்வரை ஃபோகஸைத் திருத்திக்கொண்டே இருக்கும் தொடர் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். கேனானில் அதற்கு ஏஐ சர்வோ என்று பெயர், நிக்கானில் ஏஎஃப்-சி. அழுத்திப் பிடித்து மூன்று நான்கு படங்களாக எடுங்கள், ஒன்றாவது தேறும். ஷட்டர் வேகம் விநாடியில் 500-இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்கக் கூடாது. பகலில் அது தானாகவே கிடைத்துவிடும். சூரியன் விழும் நேரத்தில் அப்பர்ச்சர் முன்னுரிமையில் (எஃப் எண்ணை நாம் வைக்க, வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் நிலை) விட்டால் கேமரா சத்தமில்லாமல் 60-இல் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். எஃப் எண்ணையும் வேகத்தையும் நாமே வைக்கும் எம் நிலையில் வைத்து, வெளிச்ச உணர்வைக் கூட்டிக் குறைக்கும் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். 1600 வரை போனால் கவலையில்லை. லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்தாலும் அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், பெண்ணின் தலை அசைவை அல்ல. முடிந்தால் பாக் விரிகுடாப் பக்கம், நம் ஆட்கள் பெண் கடல் என்று சொல்லும் வடகரையில் எடுங்கள். அந்த மாதங்களில் தெற்கே ஆண் கடல் அடிக்கும் அடியில் உப்புச் சாரல் வேறு.

அந்தச் சாரலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அரை மணி நேரத்தில் லென்ஸ் முகப்பில் கண்ணுக்குத் தெரியாத படலம் படியும். படம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்து, எங்குமே கூர்மை இல்லாமல் இருந்தால் ஃபோகஸைச் சந்தேகிப்பதற்கு முன் கண்ணாடியைப் பாருங்கள். சட்டை நுனியால் துடைக்காதீர்கள், மணல் துகள் கோடு போட்டுவிடும். முதலில் ஊதும் பந்தால் தூசியைத் தள்ளி, பிறகு லென்ஸ் திரவம் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காமல் இருபது நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் வியர்த்துப்போகும். நடுப்பகலில் தார்ச்சாலை ஓரம் நூறடி தள்ளி நின்று பெரிய ஜூமில் எடுத்தால் கானல் முகத்தை நெளித்துவிடும். அதற்கு எந்த லென்ஸிலும் வழியில்லை, கிட்டப் போங்கள்.

கடைசியாக வெளிச்சம். உச்சி வெயிலில் கண்குழி கருத்து இமை முடி தெரியாது; ஃபோகஸ் துல்லியமாக விழுந்தாலும் பார்ப்பவர் மங்கல் என்றுதான் சொல்வார். மீன் பொரித்து விற்கும் ஓலைக் கொட்டகையின் வாசலில், நிழலுக்குச் சற்று உள்ளே, முகம் வெளியே பார்க்கும்படி நிறுத்துங்கள். எதிரே இருக்கும் மணல் தரையே வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். அந்தப் புள்ளியின் விளிம்பு கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் சரி; திரையை முழுதாகப் பார்த்து ஏமாறாமல், அந்தக் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெயிலில் திரை தெரியாவிட்டால் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள், கூச்சம் வேண்டாம். (வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு மங்கல் என்று சண்டைக்கு வரும் வாடிக்கையாளர்களும் உண்டு. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், டாகுமெண்டாக அனுப்புங்கள்.)

இவ்வளவும் செய்தும் கண் மங்கினால் ஸ்டூடியோவிலேயே ஒரு சோதனை. மேசையில் செய்தித்தாளை விரித்து ஒரு வரிக்கு அடியில் பேனாவால் கோடு போடுங்கள். கேமராவை ட்ரைபாடில் வைத்துச் சரிவாகப் பார்க்கும்படி ஒரு மீட்டரில் நிறுத்தி, எஃப் 1.8-இல், அந்தக் கோட்டில் நடுப்புள்ளியை வைத்துப் பத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுப் பிடிக்கவிடுங்கள். பிறகு லைவ் வ்யூவில், அதாவது பின்திரையைப் பார்த்து எடுக்கும் முறையில், அதேபோல் பத்து. லைவ் வ்யூவில் கோடு கூர்மையாக விழுந்து, வ்யூஃபைண்டர் வழியே எடுத்த பத்திலும் ஒரே பக்கமாக இரண்டு வரி தள்ளி விழுந்திருந்தால், கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். தொடக்கநிலைக் கேமராக்களின் மெனுவில் அதைத் திருத்தும் வசதி பெரும்பாலும் இருக்காது. அப்போது மட்டும் இரண்டையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு, அந்த இருபது படங்களையும் பென் டிரைவில் ஏற்றி, சர்வீஸ் சென்டருக்குப் பஸ் ஏறுங்கள்.