வாசகர் கேள்வி: தெருவில் நிறுத்திச் சோதிக்கலாமா?

கேள்வி: மறைத்து வைத்த துப்பாக்கியைத் தேடி, நீதிமன்ற ஆணையின்றி ஒருவரைச் சோதிக்க அமெரிக்கக் காவலருக்கு உரிமை உண்டா?

பதில்: நிபந்தனையுடன் உண்டு. குற்றம் நிகழவிருக்கிறது என்றும், எதிரே நிற்பவரிடம் ஆயுதம் இருக்கலாம் என்றும் ஐயுறுவதற்குச் சுட்டிக்காட்டத்தக்க காரணங்கள் இருந்தால், அவரை நிறுத்தி மேலாடையைத் தடவிப் பார்க்கலாம் என்று 'டெர்ரி எதிர் ஒஹாயோ' வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறும் உள்ளுணர்வு போதாது. பேருந்து நிறுத்தத்தில் கட்டம்போட்ட சட்டையுடன் நிற்கும் இளைஞனிடம் துப்பாக்கி இருப்பதாகப் பெயர் சொல்லாத ஒருவர் தொலைபேசியில் கூறியதை மட்டுமே நம்பி ஃபுளோரிடா காவலர்கள் செய்த சோதனை செல்லாது என்று 2000இல் அதே நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. துப்பாக்கி உண்மையிலேயே கிடைத்திருந்தும் அவ்வாறு கூறியதை நான் மிகவும் மதிக்கிறேன். நியூயார்க்கில் இவ்வதிகாரம் கறுப்பின, லத்தீன் மக்கள் மீது பாரபட்சமாகப் பயன்படுத்தப்பட்டதாகக் கூட்டாட்சி நீதிமன்றம் 2013இல் கண்டறிந்தது.