ஆண்டு முழுவதும் ஒரே வேகமா?

கேள்வி: 800 மீட்டர் ஓடும் என் மகள் தினமும் முழு வேகத்தில் பயிற்சி செய்தும் நேரம் குறையவில்லையே, ஏன்?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உடல் வலுப்பெறுவது பயிற்சிக்குப் பின் கிடைக்கும் ஓய்வில்தான், தினமும் முழு வேகம் என்றால் அதற்கு இடமேது, அம்மா? முக்கியப் போட்டியின் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். முதல் மூன்று மாதங்கள் நிதானமான நெடுந்தூர ஓட்டம், வாரம் ஒருமுறை ஏற்காட்டில் வாகனம் குறைந்த ஏற்றம் ஒன்றில் ஓட்டம். அடுத்த இரு மாதங்கள் 300, 400 மீட்டர் வேக ஓட்டங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை பயிற்சியின் அளவைக் கட்டாயம் குறைத்துவிடுங்கள். பெற்றோர் பலர் தவறவிடுவது இதைத்தான். கடைசி இரு வாரங்களில் வேகத்தைக் கைவிடாமல் தூரத்தை மட்டும் பாதியாக்குங்கள். பதக்கம் என்னும் இலக்கு பிறர் ஓட்டத்தையும் பொறுத்தது. ‘முதல் 400 மீட்டரை 72 நொடியில் முடிப்பேன்’ என்பது அவள் கையில் இருப்பதால், அதையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.