லிஸ்ப், பெட்டிகள், அம்புக்குறிகள் – கடிதம்

வணக்கம் சார்,

வேலை முடிந்து வந்தபிறகு மாலைகளில் காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியைப் படித்துவருகிறேன். பயிற்சிக்காக, ஒரு தமிழ் நாவலின் கோப்பை வாசித்து எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் நிரலை எழுதினேன். சொற்களை அப்பெண்ட் என்ற கட்டளை வைத்து ஒவ்வொன்றாக ஒரு லிஸ்டின் கடைசியில் சேர்க்கிறேன். பிறகு சொல், எண் ஜோடிகளை இன்னொரு லிஸ்டில் வைத்து அசாக் மூலம் தேடி எண்ணுகிறேன். சிறுகதைக்குச் சட்டென்று விடை வந்தது. ஒரு லட்சம் சொல் உள்ள நாவலுக்கு, டீ குடித்துவிட்டு வந்தும் முடியவில்லை; நிறுத்திவிட்டேன். "லிஸ்ட் என்றாலே மெதுவானது, எல்லாவற்றையும் ஹாஷ் டேபிளில் போடு" என்றார் நண்பர். சொல்லைக் கொடுத்தால் அதன் எண்ணை நேரடியாக எடுத்துத்தரும் அமைப்பாம் அது. போட்டால் எல்லாச் சொல்லுக்கும் எண்ணிக்கை 1 என்று வருகிறது. கற்கும்போதே வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா, அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா? எதற்கு எந்த டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவை வைக்கும் அமைப்பு) என்று ஓர் அட்டவணை தர முடியுமா? பேசாமல் லிஸ்ப் குடும்பத்தின் இன்னொரு மொழியான குளோஷருக்குப் போய்விடலாமா?

*

அன்புள்ள தம்பி,

ஹாஷ் டேபிள் சங்கதியை முதலில் முடித்துவிடுகிறேன். ஒன்றும் சொல்லாமல் ஹாஷ் டேபிளை உருவாக்கினால் அது ஈக்யூஎல் என்ற சோதனை கொண்டு ஒப்பிடும். சரங்கள் (எழுத்துகளின் கோவைகள்) என்றால், இரண்டும் நினைவகத்தில் உள்ள அதே ஒன்றுதானா என்றுதான் அது பார்க்கும், எழுத்துகளைப் பார்க்காது. கோப்பிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் புதிதாக உருவான சரம். ஆகவே எந்த 'அவன்'உம் இன்னொரு 'அவன்' ஆகாது. டெஸ்ட் என்ற இடத்தில், எழுத்துகளை ஒப்பிடும் ஈக்வல் என்று கொடுங்கள், சரியாகிவிடும். ஹாஷ் டேபிளை உருவாக்கும் மேக்-ஹாஷ்-டேபிளின் விளக்கத்திலேயே உள்ள விஷயம் இது. நண்பரைக் கேட்ட நேரத்தில் அதைப் படித்திருக்கலாம்.

குளோஷருக்கு இப்போது போகாதீர்கள். நல்ல மொழிதான். ஆனால் இங்கே புரியாதது அங்கேயும் புரியாமல் கூடவே வரும்.

அட்டவணை தரமாட்டேன். இந்த அட்டவணைகள் மேல் எனக்கு நெடுநாள் கோபம். நேர்முகத் தேர்வுக்காக வரிசை வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டு, லிஸ்டில் தேடினால் இவ்வளவு, ஹாஷில் தேடினால் இவ்வளவு என்று ஒப்பிக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, அப்பெண்டை அழைத்தால் நினைவகத்தில் என்ன நடக்கிறது என்று வரையச் சொல்லுங்கள். கை நகராது.

எங்களுக்கு லிஸ்ப் சொல்லிக்கொடுத்த ஆசிரியை வேறு மாதிரி. ஆய்வகத்தில் டெர்மினல்கள் குறைவு, முறை வைத்துத்தான் உட்கார முடியும். தாளில் பெட்டி வரைந்து கொண்டுவராதவருக்கு முறையே கிடையாது. லிஸ்ட் என்பது கான்ஸ் செல்களின் சங்கிலி; ஒவ்வொரு கான்ஸ் செல்லும் இரண்டு அறையுள்ள ஒரு பெட்டி. முதல் அறை தரவைக் காட்டும், இரண்டாவது அறை அடுத்த பெட்டியைக் காட்டும். நிரலில் ஒரு வரி ஓடினால் எந்தப் பெட்டி புதிது, எந்த அம்புக்குறி மாறியது என்று வரைந்து காட்ட வேண்டும். புதுப் பெட்டியைச் சிவப்பு மையில் போடச் சொல்வார். வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தச் சிவப்பெல்லாம் உனக்குத் தேவைதானா?" என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். வேகம், திறன் என்ற பேச்சையே அவர் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த வகுப்பில் இருந்த யாரும் லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்) அப்பெண்ட் எழுதமாட்டார்கள்.

ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நான்கு சொல் உள்ள லிஸ்டை வரையுங்கள். ஐந்தாவது சொல்லைக் கடைசியில் சேர்க்க வேண்டும். நான்காவது பெட்டியின் இரண்டாம் அறையில் லிஸ்ட் முடிந்தது என்று காட்டும் நில்லை அழித்து, புதுப் பெட்டிக்கு ஓர் அம்புக்குறி போட்டால் போதுமே என்று நினைப்பீர்கள். அப்பெண்ட் அதைச் செய்யாது, செய்யவும் கூடாது. அந்த நான்காவது பெட்டியை நிரலின் வேறொரு மூலையில் வேறொரு லிஸ்டும் தன் வாலாக வைத்திருக்கலாம். இங்கே மாற்றினால் அங்கேயும் மாறிவிடும். அதனால் நான்கு பெட்டிகளையும் நகலெடுத்து, அந்த நகலின் கடைசியில் ஐந்தாவதைக் கோக்கிறது. ஐந்தும் சிவப்பு. ஆறாவது சொல்லுக்கு ஆறும் சிவப்பு. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர், புதிதாக ஒருவர் வரும்போதெல்லாம் பழைய நோட்டு முழுவதையும் புது நோட்டில் பார்த்து எழுதிவிட்டு, அடியில் அவர் பெயரைச் சேர்த்தால் எப்படி இருக்கும்? உங்கள் நிரல் அதைத்தான் செய்தது.

ஒரு லட்சம் சொல்லுக்கு இப்படிச் சேர்த்தால் கிட்டத்தட்ட 500 கோடிப் பெட்டிகள். காமன் லிஸ்பை ஓட்டும் மென்பொருளான எஸ்பிசிஎல்லின் 64 பிட் வடிவில் ஒரு பெட்டிக்கு 16 பைட். 8,000 கோடி பைட்டை உண்டாக்கி, உடனுக்குடன் குப்பையில் போட்டிருக்கிறீர்கள். பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பான் பின்னாலேயே வந்து அள்ளியதால்தான் நிரல் விழாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அதையே புஷ் வைத்துத் தலையில் சேர்த்திருந்தால் ஒரு சொல்லுக்கு ஒரு பெட்டி, மொத்தம் ஒரு லட்சம். எல்லாம் முடிந்தபின் வரிசையைத் திருப்பிப்போடும் என்ரிவர்ஸ் ஒரே ஒரு முறை. அந்த லிஸ்டை நீங்களே உருவாக்கினீர்கள், வேறு யாரும் அதைப் பிடித்திருக்கவில்லை என்பதால் அம்புக்குறிகளை அங்கேயே திருப்பிவிடலாம், நகல் தேவையில்லை.

இவ்வளவும் சொன்னபின் கேட்கிறேன்: எண்ணத்தானே வேண்டும், சொற்களை எதற்குச் சேர்த்து வைத்தீர்கள்? ஒரு சொல்லை வாசித்ததும் அதன் கணக்கில் ஒன்றைக் கூட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதானே? இதை யோசிக்காமல் லிஸ்டா ஹாஷா என்று பட்டிமன்றம் நடத்துவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. ஆயிரக்கணக்கான சொற்களைத் தேடித் தேடிக் கூட்டுவதற்கு ஹாஷ் டேபிள்தான் சரி. நூறாவது உறுப்பு, ஆயிரமாவது உறுப்பு என்று எண் சொல்லி எடுக்க வேண்டுமென்றால் வெக்டர். அதற்காக லிஸ்ட் என்றாலே மெதுவானது என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கிறது. ஒரே வாலின் முன்னால் பத்துத் தலைகளை வைத்துப் பாருங்கள். பத்து லிஸ்ட், ஆனால் வால் ஒன்றே ஒன்று, நகலே இல்லை. புதிர் விடுவிக்கும் நிரலில் ஒவ்வொரு கிளையும் தான் வந்த பாதையை வைத்திருக்க வேண்டும் என்றால் இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. வெக்டரில் ஒவ்வொரு கிளைக்கும் பாதை முழுவதையும் நகலெடுக்க வேண்டியிருக்கும். அப்பெண்டில் உங்களை வாட்டியதும் இங்கே கைகொடுப்பதும் ஒரே குணம்தான்: வாலைப் பலர் பங்குபோட்டுக்கொள்ளலாம்.

இப்படிப் பெட்டியும் அம்புக்குறியுமாகப் பார்ப்பது பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி 1958இல் லிஸ்ப் வேலையைத் தொடங்கியபோது கையில் இருந்தது ஐபிஎம் 704 என்ற கணினி. அதன் நினைவகத்தின் ஓர் அலகுக்குச் 'சொல்' என்று பெயர் (நாவலில் வரும் சொல் அல்ல); 36 பிட் கொண்ட அதில் 15 பிட் முகவரிகள் இரண்டு அடங்கும். ஒரு பெட்டி, அப்படி ஒரு சொல்லுக்குள். அவருடைய 1960ஆம் ஆண்டுக் கட்டுரையில் பெட்டிகளும் அம்புக்குறிகளும் படமாகவே இருக்கின்றன. இந்த மொழி பிறக்கும்போதே யந்திரத்தின் அளவைப் பார்த்துத்தான் பிறந்தது. அப்படியிருக்க, "முதலில் லிஸ்ப், வேகம் அப்புறம்" என்று யார் உங்களிடம் பிரித்துச் சொன்னார்கள்?

தம்பி, நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். இன்று இரவு கணினியைத் திறக்க வேண்டாம். உங்கள் அப்பெண்ட் லூப்பை நான்கு சொல்லுக்கு வரையுங்கள், சிவப்பு மையில். நாளைக்கு அதே லூப்பை, நேரத்தையும் நினைவகச் செலவையும் அளக்கும் டைம் மேக்ரோவுக்குள் வைத்து, ஐயாயிரம் சொல்லுக்கு ஒரு முறையும் பத்தாயிரம் சொல்லுக்கு ஒரு முறையும் ஓட்டுங்கள். எத்தனை பைட் செலவானது என்று எஸ்பிசிஎல் காட்டும். இரண்டாவது எண் முதலாவதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு இருக்கும். பிறகு அப்பெண்டுக்குப் பதில் புஷ் போட்டு மறுபடியும் இரண்டு முறை ஓட்டுங்கள். படத்தையும் எண்களையும் சேர்த்து அனுப்புங்கள். அசாக் பற்றி நீங்கள் கேட்காமல் விட்டதை அதற்கடுத்து எழுதுகிறேன்.